உலுருவின் வாயிற்கட்டணம்: புனித நிலமும் கூட்டு மேலாண்மையும்

புனிதம் எனக் கருதப்படும் ஓர் இடத்தை அரசும் அவ்விடத்துக்குரிய மக்களும் கூட்டாக நிர்வகிக்கவும், அந்த நிர்வாகத்துக்கு வேண்டிய பணத்தை அதைக் காண வருவோரிடமே வசூலிக்கவும் இயலுமா என்னும் கேள்வி பூங்கா அலுவலகங்களுக்குள் மட்டும் அடங்கிவிடுவதில்லை. புனிதம் எத்தகைய பண்பு, அது விலையோடு எவ்வாறு உறவு கொள்கிறது, ஒரு சமூகத்தின் சமயக் கடமை வேறொரு சமூகத்தின் சட்டத்துக்குள் எந்த அளவுக்கு உயிரோடு இருக்க முடியும் என்னும் மெய்யியல் வினாக்களும் அதனுள் பொதிந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், வடக்கு ஆட்புலத்தில் அமைந்த உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவில் இவ்வினாக்கள் வெறும் வாதமாக நில்லாமல் நடைமுறையில் சோதிக்கப்பட்டன. நிலத்தின் உரிமை, குத்தகை, கட்டணத்தில் பங்கு, வாரியத்தில் பெரும்பான்மை, பாறையின் மேல் ஏறுவதற்கு விதித்த தடை ஆகிய ஒவ்வொன்றும் அங்கே ஒப்பந்தமாகவோ தேதியிட்ட தீர்மானமாகவோ பதிவாகியிருப்பதால், ஆராய்வோருக்கு அது அரிய களமாகிறது.

சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு, 9.4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மணற்பாறை. அதற்கு மேற்கே 36 குவிமாடக் குன்றுகளாகத் திரண்டிருப்பது கட்டா ஜூட்டா. இவ்விரண்டையும் உள்ளடக்கிய பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,326 சதுர கிலோமீட்டர். பிட்ஜன்ஜஜாரா, யாங்குன்ஜஜாரா ஆகிய மொழிகளைப் பேசும் அந்நிலத்து மக்கள் தங்களை அனங்கு என்று அழைத்துக்கொள்கின்றனர். அவர்களது வாழ்வின் அடித்தளமாக அமைவது ஜுக்குர்ப்பா. முன்னோர் உயிர்கள் உருவமற்றிருந்த நிலத்தின் மீது பயணம் செய்து, போரிட்டு, உண்டு, உறங்கி, அச்செயல்களின் தடங்களையே குன்றாகவும் குகையாகவும் சுனையாகவும் விட்டுச்சென்றனர் என்பது அதன் ஒரு பக்கம். யார் யாரை மணக்கலாம், வேட்டையை எவ்வாறு பகிர வேண்டும், எந்தச் சுனையை யார் பேண வேண்டும், எந்தப் பாடலை யார் யாருக்குக் கற்பிக்கலாம் என்னும் விதிகள் அத்தடங்களிலிருந்தே பெறப்படுகின்றன என்பது மறுபக்கம். படைப்பின் வரலாறும் ஒழுக்கமும் சட்டமும் நிலவியலும் இங்கே தனித்தனித் துறைகளாகப் பிரிவதில்லை. ஆஸ்திரேலிய மானிடவியலாளர் டபிள்யூ. ஈ. எச். ஸ்டானர் 1953இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழங்குடி மக்களின் இக்கருத்தை என்றோ முடிந்துபோன ஒரு தொல்காலமாகக் காலவரிசையில் நிறுத்த முடியாது என்று வாதிட்டார். உலுருவின் அடிவாரத்திலுள்ள முட்டிஜுலு சுனையருகே பாறையில் தெரியும் கோடுகள் குனியா என்னும் பெண் மலைப்பாம்பு லிரு என்னும் நச்சுப்பாம்போடு பொருதியதன் அடையாளங்கள் எனப்படும்போது, என்றோ நடந்ததன் நினைவுச்சின்னத்தை அனங்கு சுட்டுவதில்லை. இன்றும் செல்லுபடியாகும் ஒரு சட்டத்தின் சான்றையே சுட்டுகின்றனர்.

இச்சட்டத்தை அறியும் உரிமை எல்லாருக்கும் பொதுவன்று. சில இடங்கள் ஆண்களுக்கும் சில பெண்களுக்கும் உரியவை. சில கதைகள் குழந்தைக்குச் சொல்லும் அளவில் ஒருவகையாகவும், சடங்குகளைக் கடந்து முதிர்ந்தவருக்குச் சொல்லும் அளவில் வேறுவகையாகவும் விரிகின்றன. வெளியாருக்குச் சொல்லத்தக்கது அவற்றுள் மிகச் சிறிய பகுதியே. பாறையைச் சுற்றிச் செல்லும் பாதையில் சில இடங்களில் படமெடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வைக்கப்பட்டிருப்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பாறைமுகங்களின் அமைப்பே மறைநூலைப் போன்றது என்பதால், அவற்றின் படம் உரிமையில்லாதவர் கண்ணில் படுவது சட்ட மீறலாகிறது. ஆகவே அனங்கு கருத்தில் புனிதத்தின் உள்ளீடு அதிகாரமும் பொறுப்புமாகும்: ஓரிடத்தைப் பற்றிப் பேசத்தக்கவர் யார், அங்கே நடப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதே அங்கு முதற்கேள்வி. இக்கட்டுரையின் வாதம் இப்புள்ளியையே பற்றிச் செல்கிறது.

சமயவியலில் புனிதம் பற்றிய மிகச் செல்வாக்குள்ள வரையறை இதே மத்திய ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்த தரவுகளின் மேல் கட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம், சமய வாழ்வின் தொடக்கநிலை வடிவங்கள் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில், புனிதம் என்பது பிரித்துவைக்கப்பட்டதும் விலக்கப்பட்டதுமான பொருள்களின் பண்பு என வரையறுத்தார்; அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஒருபோதும் சென்றதில்லை, ஸ்பென்சர், கில்லன் ஆகியோர் அரெர்ன்டே மக்களைப் பற்றி எழுதிய நூல்களையே பெரிதும் நம்பினார். அரெர்ன்டே மக்கள் அனங்குவின் வடகிழக்கு அண்டை அயலார். எனினும் அவ்வரையறை உலுருவுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. உலுரு பிரித்துவைக்கப்பட்ட இடமாக இருந்ததில்லை. அதன் அடிவாரத்தில் மக்கள் தங்கினர், நீர் மொண்டனர், விதைகளை அரைத்தனர், குகைகளில் குழந்தைகளுக்குப் படம் வரைந்து கற்பித்தனர். சமைக்கும் குகையும் சடங்குக்குரிய குகையும் ஒரே பாறையில் அடுத்தடுத்து உள்ளன.

அந்த வரையறை மிகச் சரியாகப் பொருந்துவது தேசியப் பூங்கா என்னும் நவீன நிறுவனத்துக்குத்தான். 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் நிறுவப்பட்டது முதல், எல்லை வரைந்து, குடியிருப்பை விலக்கி, உழவையும் வேட்டையையும் தடைசெய்து, வருவோர் வியந்து திரும்புவதற்கென இயற்கையை ஒதுக்கிவைப்பதே அந்நிறுவனத்தின் மரபாக இருந்துவருகிறது. மதச்சார்பற்ற அரசு கட்டிய கோயில் என்று அதை அழைத்தால் மிகையாகாது. எனவே உலுருவில் எதிர்ப்பட்டவை புனிதமும் வணிகமும் மட்டுமல்ல; குடியிருப்போரின் கடமையாக விளங்கும் புனிதமும் குடியிருப்போரை வெளியேற்றும் புனிதமும் அங்கே முதலில் மோதின.

அம்மோதலின் வரலாறு நீண்டது. 1873இல் அங்கு வந்த நில அளவையாளர் வில்லியம் காஸ், தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்றைய தலைமைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரைப் பாறைக்குச் சூட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலத்துக்குள் இருந்த அப்பகுதி, சுற்றுலா பெருகியபோது, 1958இல் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1964இல் ஏறுவோர் பற்றிக்கொள்ளப் பாறையில் சங்கிலி பொருத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் பழங்குடியினர் நில உரிமைச் சட்டத்தின்கீழ் அனங்கு முன்வைத்த கோரிக்கையை விசாரித்த ஆணையர், அம்மக்களே மரபுவழி உரிமையாளர்கள் என்று ஏற்றுக்கொண்டும், நிலம் ஏற்கெனவே பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அதைச் சட்டப்படி கோர முடியாது என்று முடிவு செய்தார். உரியவர் நீரே, ஆனால் பெறத் தகுதியில்லை என்னும் இம்முடிவு சட்டத்தின் தர்க்கத்துக்கு உடன்பட்டிருக்கலாம்; நீதியின் தர்க்கத்துக்கு உடன்படவில்லை என்பதை அரசே பின்னர் உணர்ந்தது.

1983 நவம்பரில் பிரதமர் பாப் ஹாக் நிலத்தைத் திருப்பியளிப்பதாக அறிவித்தார். 1985 அக்டோபர் 26 அன்று தலைமை ஆளுநர் நினியன் ஸ்டீபன் பாறையின் அடிவாரத்தில் உரிமைப்பத்திரத்தை வழங்க, அதே நிகழ்வில் அந்நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு நடுவண் அரசின் பூங்காத் துறையிடம் மீண்டும் சென்றது. தொடக்கப் பேச்சில் குத்தகைக் காலம் 50 ஆண்டு என்றும் பாறையேற்றம் தடைசெய்யப்படும் என்றும் இருந்த நிலை, பத்திரம் கைமாறுவதற்குள் 99 ஆண்டாகவும் ஏற்ற அனுமதியாகவும் மாறியது. மாற்று வழியில்லாதவர் அளிக்கும் இசைவு இசைவாகுமா என்பது ஒப்பந்த மெய்யியலின் பழைய கேள்வி. குத்தகைக்கு விடுவதை நிபந்தனையாகக் கொண்ட உரிமையைப் பெறுவதா, உரிமையே இல்லாமல் இருப்பதா என்ற தெரிவில் அனங்கு முதலாவதைக் கொண்டனர். அதை முழு இசைவு என்று கொண்டாடுவதும் வெறும் ஏமாற்று என்று தள்ளுவதும் ஒருசேரத் தவறாகும். பத்திரத்தில் எழுதிய பெயர் பிற்காலத்தில் எத்தகைய ஆற்றலாக மாறும் என்பதை அன்று கையெழுத்திட்ட முதியோர் அரசைவிட நன்கு கணித்திருந்தனர் என்று கருத இடமுண்டு.

கூட்டு மேலாண்மை எனப்படும் ஏற்பாடு இக்குத்தகையின் மேல் அமைந்தது. நிலத்தின் உரிமை ஓர் அறக்கட்டளை வழியாக அனங்குவிடம் இருக்கும். அன்றாட நிர்வாகத்தை நடுவண் அரசின் தேசியப் பூங்கா இயக்குநர் மேற்கொள்வார். இருவரையும் இணைக்கும் மேலாண்மை வாரியத்தின் 12 உறுப்பினருள் 8 பேர் அனங்கு முன்மொழிந்தவராக இருப்பர். பூங்காவின் மேலாண்மைத் திட்டம் ஜுக்குர்ப்பா அனைத்துக்கும் மேலானது என்னும் கோட்பாட்டைத் தலைமேற்கொண்டுள்ளது. நிதியைப் பொறுத்தவரை, ஆண்டுக் குத்தகைத் தொகையோடு நுழைவுக் கட்டண வருவாயில் 25 விழுக்காடு உரிமையாளர்களுக்குச் செல்கிறது; எஞ்சியது பூங்காவின் பராமரிப்புக்குச் செல்ல, போதாத பகுதியை அரசின் நிதி ஒதுக்கீடு நிரப்புகிறது. வயது வந்தோருக்கு மூன்று நாள் அனுமதிக்கான கட்டணம் 2020இல் 25 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 38 டாலராக உயர்ந்தது. விடுதிகள் 1984 முதல் பூங்காவின் எல்லைக்கு வெளியே யுலாரா என்னும் ஊரில் உள்ளன. பாறையின் காலடியிலேயே உணவும் படுக்கையும் விற்ற நிலை அதோடு நீங்கியது.

இனி, விலை பற்றிய கேள்விக்கு வரலாம். இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், எதற்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியுமோ அதற்கு விலையுண்டு என்றும், ஈடு வைக்க முடியாததற்கு மாண்பு உண்டு என்றும் பிரித்தார். காண்ட் மாண்பை மனிதருக்கும் அவர்தம் அறத் தகுதிக்குமே உரியதாக்கினார் என்றபோதிலும், அப்பிரிவு இங்கே பயன்தரும். 38 டாலர் உலுருவின் விலையன்று. அதைச் செலுத்தியவர் அங்கிருந்து எதையும் பெற்றுச் செல்லும் உரிமையடைவதில்லை. (பெற்றுச் செல்வோரும் இல்லாமலில்லை. எடுத்துச் சென்ற கற்களையும் மண்ணையும் வருத்தக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பியனுப்புவோர் உலகெங்கும் உள்ளனர்; கல்லைக் கொண்டுசென்றபின் நேர்ந்த துன்பங்களைச் சிலர் அக்கடிதங்களில் விவரிக்கின்றனர். எவ்விடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாத கல்லை எங்கே வைப்பது என்பது பூங்காவுக்கு ஒரு புதுச் சுமை.) தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. சிறப்பு தரிசனத்துக்குச் சீட்டு வாங்குபவர் இறைவனை விலைக்கு வாங்குவதாக எண்ணுவதில்லை. ஆனாலும் அச்சீட்டின் மீதான மனக்குறை ஓயாததற்குக் காரணம், வரிசையின் ஒழுங்கைப் பணம் மாற்றுகிறது என்பதே. பணம் புனிதத்தைத் தொடும் இடம் அதுதான்: பொருளை வாங்க முடியாதபோதும் முறையை வாங்கிவிடுகிறது.

நீதிமன்றமும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. வடக்கு ஆட்புலத்தின் டிம்பர் கிரீக் என்னும் ஊரில் ங்கலிவுர்ரு, நுங்கலி மக்களின் நிலவுரிமை அரசின் செயல்களால் பாதிக்கப்பட்ட வழக்கில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில், நிலத்தோடு அம்மக்களுக்கிருந்த ஆன்மிகப் பிணைப்பு சிதைந்த இழப்புக்கு மட்டும் 13 லட்சம் டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. ஆஸ்திரேலியச் சமூகம் எதைப் பொருத்தமானதும் நேர்மையானதும் எனக் கருதும் என்பதே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. காண்டின் பிரிவின்படி இது முரண்: ஈடில்லாததற்கு ஈடு தரப்படுகிறது. ஆயினும் தொகையே இல்லாதிருந்தால் அவ்விழப்பு சட்டத்தின் கண்ணில் இழப்பாகவே பட்டிராது. சட்டத்துக்குத் தெரிந்த மொழி பணம் ஒன்றே என்னும்போது, அம்மொழியில் பேச மறுப்பது புனிதத்தைக் காப்பதாகாது. அதன் அழிவைச் செலவற்றதாக்குவதே அதன் விளைவாகும். விலை குறிப்பதே தீட்டு என்று வாதிடுவோர் பெரும்பாலும் இழப்பைத் தாங்க வேண்டியிராதவர்கள் என்பதையும் சொல்லாமல் விட இயலாது.

அப்படியானால் புனிதத்துக்கும் பணத்துக்கும் இடையிலான எல்லை எங்கே? உலுருவில் அது பாறையேற்றத்தின் வரலாற்றில் துலக்கமாகத் தெரிகிறது. ஏறுவோர் சென்ற வழி, மாலா எனப்படும் சிறு வல்லபி இனத்து முன்னோர் ஆடவர் உலுருவை அடைந்தபோது சென்ற வழி, அது சடங்குமுறைக்குரியது. மேலும், தம் நிலத்துக்கு வந்தவரின் பாதுகாப்புக்கு அனங்கு தாமே பொறுப்பாளர் என்று ஜுக்குர்ப்பா கூறுவதால், அங்கு நேர்ந்த ஒவ்வொரு மரணமும் அவர்களுக்குத் துக்கமும் குற்றவுணர்வும் ஆனது. 1950கள் தொடங்கி 30க்கும் மேற்பட்டோர் ஏறும்போது இறந்துள்ளனர். இருந்தும் அனங்கு பல ஆண்டுகள் தடை விதிக்காமல் வேண்டுகோளையே முன்வைத்தனர். ஏறும் இடத்தின் அடியில் பல மொழிகளில் வைத்த பலகை, ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதேயன்றித் தடுக்கவில்லை.

வேண்டுகோளுக்கும் தடைக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒழுக்கவியலில் சிறிதன்று. தடைக்குக் கீழ்ப்படிபவர் தண்டனையை எண்ணலாம். வேண்டுகோளுக்கு இணங்குபவர் கேட்டவரைத் தம்மிடம் கேட்கத் தகுதியுள்ளவராக ஏற்கிறார். ஏறாமல் திரும்பிய ஒவ்வொருவரும் ஒரு சட்டத்தை அறியாமலேயே அதன் அதிகாரத்தை ஏற்றனர் என்னும் பொருளில், வேண்டுகோள் ஒரு கற்பித்தல் முறையாக இருந்தது. 1990களில் வருவோரில் பெரும்பான்மையோர் ஏறிய நிலை 2015 அளவில் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைந்ததற்கு இக்கற்பித்தலுக்கும் பங்குண்டு. ஆனால் அதை முழுக்க விருந்தோம்பலாக மட்டும் காண்பது உண்மையை அழகுபடுத்துவதாகும். சுற்றுலாத் தொழிலின் அழுத்தமும், வருவாய் குறையுமோ என்ற அச்சமும், ஏற்றம் தொடரும் என்று 1985இல் சுமத்தப்பட்ட நிபந்தனையும் அவ்வேண்டுகோளின் பின்னால் நின்றன. 2009இல் வரைவுத் திட்டம் ஏற்றத்தை மூடும் எண்ணத்தை வெளியிட்டபோது, அன்றைய பிரதமர் கெவின் ரட் உள்ளிட்டோர் அதை விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே கூறினர்.

அதன்பின் 2010இல் நடைமுறைக்கு வந்த திட்டம் ஒரு சமரசத்தைக் கண்டது: ஏறுவோர் வருவோரில் 20 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்தாலோ, புதிய சுற்றுலா அனுபவங்கள் போதிய அளவில் உருவானாலோ, பண்பாடும் இயற்கையும் சார்ந்த அனுபவங்களே பயணத்துக்குரிய முதன்மைக் காரணமானாலோ, ஏற்றம் நிரந்தரமாக மூடப்படலாம். ஜுக்குர்ப்பா அனைத்துக்கும் மேலானது என்று முகப்பில் அறிவித்த அதே ஆவணம், அதன் ஒரு கட்டளையைச் சந்தைக் கணக்கெடுப்பின் முடிவுக்காகக் காக்கவைத்தது. சமயச் சட்டம் ஒன்று நிறைவேற, அதை மீறுவோர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே குறைய வேண்டும் என்பதை எந்தச் சமயத்தாரும் தம் சட்டத்துக்கு ஏற்கமாட்டார். கூட்டு மேலாண்மையின் ஆகக் கடுமையான குறை இந்த விதியில்தான் இருந்தது: பெரும்பான்மை அனங்குவிடம் இருந்தபோதும், மறுக்கும் சொல்லுக்கு வருவாய் கெடாது என்னும் சான்றிதழ் தேவைப்பட்டது.

2017 நவம்பர் 1 அன்று வாரியம் ஒருமனதாக ஏற்றத்தை மூட முடிவு செய்தது. வாரியத் தலைவராக இருந்த சாமி வில்சன், உலுரு மிக முக்கியமான இடமென்றும் டிஸ்னிலேண்டைப் போன்ற கேளிக்கைப் பூங்கா அன்று என்றும் கூறியது அப்போது பரவலாக அறியப்பட்டது; சுற்றுலா தொடர வேண்டும், ஆனால் இச்செயல் தொடரக் கூடாது என்பதே அவரது நிலைப்பாடு. தடை நடைமுறைக்கு வர, நிலம் திரும்பியதன் 34ஆம் ஆண்டு நிறைவு நாளான 2019 அக்டோபர் 26 தேர்ந்தெடுக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டாண்டில், இனி இயலாது என்ற எண்ணமே தூண்ட, ஏறுவோரின் வரிசை மீண்டும் நீண்டது. காண்டின் மொழியில் சொன்னால், ஏற்றம் என்னும் அனுபவம் ஈடுள்ள பண்டமாகத் தன்னை அன்று வெளிப்படுத்திக்கொண்டது: அருமை கூடியதும் தேவை கூடியது.

தடை விதித்ததால் பணத்தின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சுற்றுலாவைச் சார்ந்த நிதி எவ்வளவு எளிதில் வற்றும் என்பதை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில், வெளியூரிலிருந்து விமானத்தில் வந்தோரால் நோய் பரவும் என்று அஞ்சிய முட்டிஜுலு சமூகத்தார் பூங்காவின் வாயிலை மறித்தனர், பூங்கா மூடப்பட்டது. தமக்கு வருவாய் தரும் வாயிலைத் தாமே அடைத்த அச்செயல், பொருளியல் நோக்கில் தன்னலத்துக்கு எதிரானது. முதியோரின் உயிரே ஜுக்குர்ப்பாவின் இருப்பிடம் என்னும் நோக்கில் அதைவிட இயல்பான செயல் இல்லை. கிடைத்த குத்தகைப் பணத்தை என்ன செய்தனர் என்பதும் கருதத்தக்கது. 2005 முதல் மத்திய நில மன்றத்தின் துணையோடு அதன் ஒரு பகுதி தனியாருக்குப் பிரிக்கப்படாமல் சமூகத் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டுவருகிறது. பாலைவனத்து ஊரான முட்டிஜுலுவின் நீச்சல் குளம் அவ்வாறு பயன் பெற்றவற்றுள் ஒன்று. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1987இலும் 1994இலும் இருமுறை இடம்பெற்ற ஓரிடத்தின் உரிமையாளர்கள், நாட்டின் பிற குடிமக்களுக்கு அரசு தரும் வசதிகளைத் தம் வாடகைப் பணத்தில் அமைத்துக்கொள்ள நேர்வதைச் சுற்றுலாவின் வெற்றியாகக் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

கூட்டு மேலாண்மை நன்கு இயங்கியது சூழலியலில் என்பர். 1976இல் பூங்காவின் பெரும்பகுதியைக் காட்டுத்தீ எரித்தபின், குளிர்காலத்தில் சிறுசிறு திட்டுகளாக நிலத்தை எரித்துப் பெருந்தீயைத் தவிர்க்கும் அனங்கு முறையைப் பூங்கா ஏற்றுக்கொண்டது. பெருநிலப்பரப்பின் காடுகளிலிருந்து மறைந்துபோன மாலா விலங்கு 2005இல் வேலியிட்ட 170 ஹெக்டேரில் மீண்டும் விடப்பட்டது. உயிரியலாளருக்கு அது அருகிவரும் இனத்தின் மீட்பு, அனங்குவுக்கு முன்னோரின் வருகை. இவ்விரு விளக்கங்களும் ஒரே வேலிக்குள் சச்சரவின்றி வாழ்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஓர் ஐயமும் எழுகிறது: தீமூட்டல் ஏற்கப்பட்டது அது பயன் தந்ததாலா, அது சட்டமாக இருந்ததாலா? பயன் கருதி ஏற்கப்பட்ட சட்டம், பயன் காட்ட முடியாத இடத்தில் கைவிடப்படும். பாறையேற்றம் 34 ஆண்டு நீடித்ததற்கு அதுவே விளக்கம்; ஏறாமையால் எந்த விலங்கும் மீண்டு வருவதாகக் காட்ட இயலவில்லை.

இதற்கு மாற்றாக நியூசிலாந்து வேறொரு வழியை முயன்றது. 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்த டே உரெவெரா என்னும் காட்டுநிலம், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் பூங்கா என்னும் தகுதியை இழந்து, தனக்குத் தானே உரிமையான சட்ட நபராயிற்று. அதன் சார்பில் பேசும் வாரியத்தில் டூஹோ மக்கள் பெரும்பான்மையினர். கோயிலும் அதன் தெய்வமும் சொத்துடைமைக்கும் வழக்காடலுக்கும் தகுதியுள்ள சட்ட நபர் என்னும் இந்தியச் சட்ட மரபை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. பத்தூர் நடராசர் சிலை வழக்கில், தமிழகக் கோயில் ஒன்று தன் உரிமையைக் கோரி வழக்காடலாம் என்பதை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலத்தை நபராக்குவது அனங்குவின் சிக்கலைத் தீர்க்குமா என்பது உறுதியில்லை. சட்ட நபருக்கு யாரேனும் வாயாக இருந்தாக வேண்டும்; யார் பேசத்தக்கவர் என்னும் கேள்வி அங்கும் முதலிடத்துக்கே திரும்பிவிடுகிறது.

பெரும்பான்மையும் குத்தகையும் இருந்தும் அக்கேள்வி புறக்கணிக்கப்படலாம் என்பதற்கு, இதே முறையில் நிர்வகிக்கப்படும் காக்கடு தேசியப் பூங்கா சான்றாகிறது. அங்குள்ள கன்லாம் அருவியருகே, ஒரு புனிதத் தலத்துக்கு மிக அண்மையில், 2019இல் உரிய அனுமதியின்றி நடைபாதை அமைக்கப்பட்டது. அதைச் செய்தது வெளியார் எவருமல்ல, பூங்கா நிர்வாகமே. புனிதத் தலங்களைக் காக்கும் ஆட்புலச் சட்டம் தேசியப் பூங்கா இயக்குநரையும் கட்டுப்படுத்தும் என்று உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நடைபாதை சுற்றுலாவை மேம்படுத்தவே அமைக்கப்பட்டது. புனிதத்துக்கு நேரும் தீங்கு பகைமையைவிட இத்தகைய நல்லெண்ண மேம்பாடுகளிலிருந்தே மிகுதியாக வருகிறது.

உலுருவின் குத்தகை 2084இல் முடிகிறது. இடைக்காலத்தில் கட்டணத்தின் பங்கு கூடலாம், குத்தகைத் தொகை திருத்தப்படலாம். ஆனால் அந்நாளில் அரசோடு பேச அமர்வோர் ஜுக்குர்ப்பாவின் எந்த அளவைக் கற்றவராக இருப்பர் என்பது அத்தொகைகளால் தீர்மானிக்கப்படுவதில்லை. அக்கல்வி நூலில் இல்லை. முதியவர் இளையவரை உரிய பருவத்தில் உரிய சுனைக்கும் குகைக்கும் அழைத்துச் சென்று, நடந்தும் பாடியும் காட்ட வேண்டும், அதற்கு நாள்கள் பல ஆகும், அவ்வேளையில் அங்கு வெளியார் இருக்கக் கூடாது. பாதை செப்பனிடுவதும் குப்பை அகற்றுவதும் வாகன நிறுத்துமிடம் அமைப்பதும் பூங்காச் செலவு என்பதில் எந்தக் கணக்காளருக்கும் ஐயம் எழாது. ஒரு பாட்டி தன் பேத்தியோடு சுனையருகே கழிக்கும் நாள்களையும், அந்நாள்களில் மூடிக்கிடக்கும் பாதையால் குறையும் வருவாயையும் அதே தலைப்பில் எழுத வேண்டுமா என்பதை அனங்கு வாரியத்தில் எழுப்பினால், அதற்கு விடை கூறும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.